வாத்துக்குளத்து மாரி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மதுரைக்குப் பக்கத்தில், பரவையில் எங்கள் தெருப் பெண்களுக்கு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. அந்த ஊர்க் குளத்தைத் தூர்வார மாட்டேன் என்று அடம்பிடித்தது யார், சர்ச்சுக்குள் புகுந்தது யாருடைய பன்றி, மாவுமில்காரர் எந்தக் கையால் தராசைத் தொட்டார் என்பதெல்லாம் அத்துப்படி. இவர்களில் யாரும் மதுரையைத் தாண்டி அதிகம் போனவர்களில்லை. இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டியிருப்பார்கள்.

எல்லாம் சித்தியால் வந்தது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, ஆங்கிலம் பேச ஆள் கிடைக்காமல் எங்கள் வீட்டில் இருந்தாள். அப்போது மெயின் ரோட்டில் உரக்கடை மாடியில் ஒருவர் டேட்டா என்ட்ரி சென்டர் ஆரம்பித்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். சித்தியின் விரல் வேகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்து வேலை செய்யச் சொல்லி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார் அண்ணன். அது டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்சீட்டில், அப்பாவின் வேட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டு, கல்யாணப் பெண்போல் வந்து இறங்கியது. அம்மா அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். இறங்கியது நல்ல நேரமா என்று பார்க்காமல் விட்டதற்காக அப்பாவைத் திட்டவும் செய்தாள்.

சித்திக்கு முதலில் வந்த பெரிய வேலை ஒரு புத்தகம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் வரலாறு. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் நூறு வருடங்களுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியது. ஊரில் வரலாற்று ஆர்வம் கொண்ட சிலர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைத்து யாரிடமோ கொடுக்க, அது சென்னைக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு வந்து, கடைசியில் பரவையில் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது. பக்கங்கள் படமாக சி.டி.யில் இருக்கும். தேய்ந்துபோன அச்சு. பழைய ஆவணங்கள் வரும் இடத்தில் 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரி இருக்கும். இயந்திரத்தால் அதைப் படிக்க முடியாததால் சித்தி படித்து அடிக்க வேண்டும்.

சென்டரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். சித்தி அதைக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே அடிக்க வேண்டும். தப்பாக இருந்தால் தப்பாகவே அடிக்க வேண்டும். அதைச் சோதிக்க ஓர் ஏற்பாடும் இருந்தது. அதே பக்கங்களை சென்டரில் உட்கார்ந்து இன்னொருவரும் அடிப்பார். அவர் சமயநல்லூர்க்காரர். இரண்டையும் கம்ப்யூட்டர் வரிக்கு வரி ஒப்பிடும். ஒத்துப்போகாத இடம் சிவப்பாகும். சிவப்பு அதிகமானால் மொத்தக் கட்டும் திரும்பி வரும். அடிக்கடி திரும்பினால் டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து கம்ப்யூட்டரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அந்த வருடங்களில் மின்வெட்டை வைத்துத்தான் நாங்கள் மணி பார்ப்போம். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வரும். அதுவரை சித்திக்கு வேலை இல்லை. எனக்கோ முழுப் பரீட்சை லீவு. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வாசல் வேப்பமர நிழலில் பாயைப் போடுவோம். அடுத்த வீட்டுப் பூக்கார அத்தை கூடையோடு வருவாள். எதிர்வீட்டு டெய்லர் அக்கா, மோட்டார் மெஷின் நின்றுபோன எரிச்சலோடு, பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை அள்ளிக்கொண்டு வருவாள். அப்பா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பார். அவர் தூங்குவதாக நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

முதல் நாள் அம்மாதான் கேட்டாள். "காலையிலருந்து தடதடன்னு தட்டுறியே, அதுல என்னதாண்டி இருக்கு?"

சித்தி சாதாரணமாகச் சொன்னாள். "ஒரு ஊருக்கா. அந்த ஊர்ல ஒரு பன்னி சர்ச்சுக்குள்ள புகுந்து, சாமியாரு பிரசங்கம் பண்ற மேடைக்கு அடியில போயிப் படுத்துக்கிருச்சாம். இழுத்தா வர மாட்டேங்குதாம். பிரசங்கம் முடியிற மட்டும் அங்கனயே கெடந்துச்சாம்."

"யாரு பன்னி அது?" என்றாள் பூக்கார அத்தை, பூக்கட்டுவதை அப்படியே நிறுத்தி.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் தெருவில் யாரும் மின்சார வாரியத்தைத் திட்டவில்லை.

அந்த ஊரின் பெயரை எழுத ஒரு முழ நீளம் வேண்டும். சொல்லும்போது அதில் பாதி எழுத்துகளை வெள்ளைக்காரர்களே விழுங்கிவிடுவார்களாம். எங்களால் எந்தப் பாதியையும் சொல்ல முடியவில்லை. ஊர் நடுவில் வாத்துகள் நீந்தும் குளம் ஒன்று இருந்ததால் அம்மா அதற்கு வாத்துக்குளம் என்று பெயர் வைத்துவிட்டாள். வாத்துக்குளத்து மாவுமில்காரர் எடையில் ஏமாற்றிப் பிடிபட்ட அன்று எங்கள் வாசலில் ஒரே கொண்டாட்டம். டெய்லர் அக்கா சொன்னாள், "எந்தச் சீமைக்குப் போனாலும் மில்லுக்காரய்ங்க ஒரே ஆளுகதான் போல." ஊருக்குப் புதிதாக வாங்கிய பெரிய மணியை மேலத்தெருக் கோபுரத்தில் கட்டுவதா, கீழத்தெருவில் புதுக் கோபுரம் எழுப்பிக் கட்டுவதா என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்ட கதை நான்கு மின்வெட்டு ஓடியது. நான்காம் நாள் முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. சித்தி எழுந்தாள். கட்டிலில் துண்டுக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மணி எந்தத் தெருவுக்குப் போச்சுன்னு சொல்லிட்டுப் போத்தா."

மேலத்தெருவுக்குத்தான் போயிற்று. அப்பா கீழத்தெருக் கட்சி. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படிப் பாதிப் புத்தகம் போனபோதுதான் மாரி வந்தாள். புத்தகத்தில் மேரி என்று இருந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் மாரி ஆகிவிட்டாள். அவளும் அவள் புருஷனும் வேறு ஏதோ ஊரிலிருந்து வாத்துக்குளத்துக்கு அறுப்பு வேலைக்கு வந்தவர்கள். பண்ணைக்காரர் கொடுத்த குளத்தங்கரை வீட்டில் ஐந்தாறு வருடம் இருந்தார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஓர் அறுப்புக்காலத்தில் புருஷன் வைக்கோல் வண்டியின் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அந்த ஊரில் பிறக்காதவர்களுக்குக் கஷ்டம் வந்தால் அந்த ஊர் பொறுப்பல்ல என்பது அக்காலச் சட்டமாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, மாரியையும் பிள்ளைகளையும் ஒரு வண்டியில் ஏற்றி, எல்லைக்கல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வரச் செய்தார்கள்.

"வண்டிய எல்லைக்கல்லோட நிப்பாட்டிட்டாய்ங்களா, இல்ல அடுத்த ஊருக்குள்ள போயி விட்டாய்ங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லைக்கல்லோடன்னுதான்க்கா போட்ருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் அவளப் பத்தித் தகவல் ஒண்ணும் தெரியலன்னு முடிச்சிட்டாரு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். காலையிலேயே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. பூக்கார அத்தை கட்டிக்கொண்டிருந்த சரத்தைப் பாதியில் முடிச்சுப் போட்டுக் கூடையில் போட்டாள். அன்று கரண்ட் வருவதற்கு முன்பே பாய் சுருட்டப்பட்டது.

மறுநாள் புத்தகம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. யாரோ ஒரு பிரபு நட்ட மரங்களைப் பற்றிப் பாதிரியார் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வாசலில் யாரும் அதைக் கேட்கவில்லை. "மரம் கெடக்கட்டும், மாரி என்ன ஆனா?" என்றாள் டெய்லர் அக்கா. அதற்கு மறுநாளும் அதே கேள்வி. சித்தி பின்னால் உள்ள பக்கங்களையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பாதிரியாரை எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை திட்டினார்கள். பன்றி படுத்த இடத்தை அளந்து எழுதிய மனிதருக்கு இதை விசாரிக்கத் தோன்றவில்லையா? அம்மா மட்டும் திட்டவில்லை. அந்த நாட்களில் அவள் வைத்த குழம்பில் ஒருநாள் உப்பில்லை, ஒருநாள் புளியில்லை. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. என்றைக்கோ, எங்கேயோ இருந்த ஒரு வெள்ளைக்காரிக்காக இவ்வளவு பாடா? ஒருநாள் காலையில் சித்தி அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, என் அறிவுக்கு எட்டிய வழியைச் சொன்னேன்.

"நீதான சித்தி அடிக்கிற? அவளத் திரும்பி வர வச்சிரு."

சித்தி சிரித்தாள். "பக்கத்துல இல்லாதத அடிக்கக் கூடாதுடி கழுத." சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் விசைப்பலகைமேல் சும்மா இருந்தன. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம், பாய் விரித்ததும் அவளே ஆரம்பித்தாள். "அக்கா, ஒரு வரி பாக்காம விட்டுட்டேன். பக்கத்துக் கடைசியில இருந்துருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் இங்கிலீஷில் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இளவேனில் வந்தபோது அவள் திரும்பி வந்தாள், குளத்தங்கரை வீடு அவளுக்கே கொடுக்கப்பட்டது.

பூக்கார அத்தை கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளிச் சித்தியின் தலையில் வைத்தாள். டெய்லர் அக்கா, "எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். அம்மா சித்தியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பணியாரச் சட்டியை எடுத்தாள். துண்டுக்கு அடியிலிருந்து, "எனக்கு நாலு" என்று குரல் வந்தது.

எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கடைசி வரிக்குக் கீழே ஒரு சின்னப் பூப்படம், அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அங்கே எந்த வரியும் இல்லை. இரவு படுக்கும்போது சித்தியின் காதில் கேட்டேன். "சிவப்பு வந்துருமே சித்தி?"

"வராது. தூங்கு."

அதற்கடுத்த இரண்டு நாளும் சித்தி ஏதோ சந்தேகம் கேட்க வேண்டும் என்று சொல்லி சென்டருக்குப் போய்வந்தாள். சனிக்கிழமை, அதுவரை அடித்ததை மொத்தமாக ஒப்பிடும் நாள். நான் அழுது அடம்பிடித்து அவளோடு போனேன். மாடிப்படி முழுக்க உர வாசனை. உள்ளே அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் சமயநல்லூர்க்காரர். ஒல்லியாக, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு இருந்தார். டைப் அடிக்கிற மனிதருக்கு எதற்கு மூன்று பேனா என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பொத்தானைத் தட்டினார். இடது பக்கம் சித்தி அடித்தது, வலது பக்கம் அவர் அடித்தது. வரிகள் கீழிருந்து மேலே ஓடின. நான் நுனிக்காலில் நின்று பார்த்தேன். பன்றி போயிற்று, மணி போயிற்று, மாவுமில் போயிற்று. திடீரென்று ஓட்டம் நின்றது. ஒரு சிவப்புப் புள்ளி.

மாரி திரும்பி வந்த அதே வரி. அந்த வரி இரண்டு பக்கமும் இருந்தது! சித்தி இளவேனிலுக்குப் பிறகு ஒரு கமா போட்டிருந்தாள். அவர் போடவில்லை. வித்தியாசம் அந்தக் கமா ஒன்றுதான்.

"கமா இருக்கா இல்லையா?" என்று அண்ணன் முணுமுணுத்தார். "இரு, பக்கத்தையே தெறந்து பாத்துருவோம்."

சித்தியின் கை என் தோளை இறுக்கியது. அப்போது ஜன்னலோரத்திலிருந்து, "வேணாண்ணே, என் தப்புதான்" என்று குரல் வந்தது. "கமா இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

அண்ணன் நாற்காலியோடு திரும்பினார். "ஏய், ஒரு புள்ளிக்குக் கூட மணிக்கணக்குல சண்ட போடுவ. இன்னைக்கு என்ன, நீயா ஒத்துக்கிற?"

"இருந்துச்சுண்ணே" என்றார் அவர், பேனாவைச் சரிசெய்தபடி.

அண்ணன் கமாவைப் போட்டார். சிவப்பு மறைந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து நான் வாசலில் எல்லாருக்கும் அறிவித்தேன். மாரி உண்மையாகவே திரும்பி வந்துவிட்டாள். சித்தி அடித்தது மட்டுமில்லை, சமயநல்லூர்க்காரர் அடித்ததிலும் அது இருக்கிறது. இரண்டு பேர் ஒரே மாதிரி அடித்தால் அது சரி என்பது சென்டர் சட்டம். நான் வெள்ளையாகப் பார்த்தது வேறு பக்கமாக இருக்கும். கமா சங்கதியையும், அந்த நல்ல மனிதர் தன் தப்பை உடனே ஒத்துக்கொண்டதையும் விடாமல் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டானா?" என்றாள் பூக்கார அத்தை.

"ஒத்துக்கிட்டாரு."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா டெய்லர் அக்காவைப் பார்த்தாள். மூன்று பேரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி குனிந்து பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்க்க ஆரம்பித்தாள். நான் சொன்னதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

புத்தகம் முடிந்து போனது. வேறு வேலைகள் வந்தன, ஏதோ மருந்துக் கம்பெனி விலாசங்கள். அதைக் கேட்க யாரும் வாசலுக்கு வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் அண்ணன் ஆள் அனுப்பினார். சித்தி உடனே வர வேண்டுமாம். வந்த பையன் அண்ணன் கோபமாக இருப்பதாகச் சொன்னான். சித்தி குடையை எடுத்தாள். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். அதைப் பார்த்துப் பூக்கார அத்தையும் டெய்லர் அக்காவும் கிளம்பினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கிளம்பினேன்.

வாத்துக்குளத்திலிருந்து ஈமெயில் வந்திருந்தது. எழுதியவர் அந்த ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நீங்கள் அனுப்பியதை மூலப் புத்தகத்தோடு வைத்துப் படித்தேன், மிக நேர்த்தியான வேலை, ஆனால் மேரியைப் பற்றிய ஒரு வரி எங்கள் புத்தகத்தில் இல்லையே, அது எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அண்ணனிடம் அந்த மரியாதை இல்லை.

"ரெண்டு பேரு அடிச்சதுலயும் எப்படி ஒரே வரி வரும்? யாரு பண்ண வேல இது?"

"நான்தான்" என்றாள் சித்தி.

"நான்தாண்ணே" என்றார் சமயநல்லூர்க்காரர், அதே நேரத்தில்.

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நாளைலருந்து வர வேணாம். மெஷினக் கொண்டாந்து வச்சிருங்க. ஒரு வரிக்காக என் பேரே போயிரும் போலருக்கு."

சித்தியின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த வேலை போனால் அடுத்தது என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்போது அம்மா முன்னால் வந்தாள். அண்ணன் முன்னால் அவள் அதுவரை நின்று பேசியதே இல்லை.

"நாங்கதேன் எழுதச் சொன்னோம்ணே. எங்க தெரு மொத்தமும். அவள எல்லைக்கல்லுல எறக்கிவிட்டுட்டு அந்தப் புத்தகம் பாட்டுக்கு மரத்தப் பத்திப் பேசுது. கேக்குறவங்க என்ன செய்வாங்க? தப்புன்னா நாங்களே அந்த ஊருக்காரருக்கு எழுதிக் கேட்டுக்கிறோம். புள்ளைக வேலைய எடுக்காதீங்க."

டெய்லர் அக்கா, "ஆமா" என்றாள். பூக்கார அத்தை மழையில் நனைந்த கூடையை அண்ணனின் மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டாள் என்பது அண்ணனுக்கே தெரிந்தது. "எழுதித் தொலைங்க" என்று எழுந்து இடம் விட்டார்.

அம்மா சொல்லச் சொல்லச் சித்தி அடித்தாள். தப்பு எங்களுடையது, மன்னிக்க வேண்டும், வரியை எடுத்துவிடுங்கள். நாங்கள் தினமும் மத்தியானம் உங்கள் ஊர்க் கதையைக் கேட்டோம். மாரி என்ன ஆனாள் என்று தெரியாமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். கீழத்தெருவுக்கு மணி கிடைக்காதது அநியாயம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சமயநல்லூர்க்காரர் பின்னால் நின்று இரண்டு இடத்தில் கமாவைத் திருத்தினார்.

பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. ஒன்பதாம் நாள் அண்ணனே கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வரியை எடுத்துவிட்டேன், வேறு வழியில்லை என்று எழுதியிருந்தார் தபால்காரர். அக்கம்பக்கத்து மூன்று ஊர்களின் பழைய பதிவேடுகளையும் தேடினாராம். மேரி எங்கும் இல்லையாம். ஆனால் உங்கள் கடிதத்தை எங்கள் மாதக் கூட்டத்தில் படித்தேன், வருடக்கணக்காக இந்தப் புத்தகத்தைப் புரட்டுகிற நாங்கள் யாரும் அந்தப் பக்கத்தில் நின்றதே இல்லை, இப்போது எங்கள் ஊரிலும் எல்லாரும் அவள் என்ன ஆனாள் என்று கேட்கிறார்கள் என்று முடித்திருந்தார். கீழே ஒரு குறிப்பு. மணி இன்னமும் மேலத்தெருவில்தான் இருக்கிறது; கீழத்தெருக்காரர்கள் இன்னமும் அதைப் பற்றி முறையிடுகிறார்கள். அதை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அடுத்த புத்தகத்தையும் நீங்களே அடித்துக் கொடுங்கள் என்றும் அவர் கேட்டிருந்ததால், அண்ணனின் கோபம் அதோடு ஆறியது. தை பிறந்ததும் சமயநல்லூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். இந்த நல்ல மனிதருக்கு எங்கள் வீட்டு விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பாவே சொன்னார். அந்த வரியை அவரும் சேர்த்து அடிக்கச் சொல்லிச் சித்தி முதல் நாள் வந்து கேட்டபோது முடியாது என்றாராம். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினாளாம். அதுவரை அவர் அடித்தது எதையும் படித்ததே இல்லையாம்.

"படிச்சா வேகம் கொறஞ்சிரும்ல. அதுக்கப்புறம் எனக்கு வேகமே வரல மாப்ள" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். நான் பெண் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு காதுகுத்துக்காக அம்மாவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அலங்காநல்லூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கண்மாய்க் கரை ஓரம் ஒரு தென்னந்தோப்பு வந்ததும், "நிப்பாட்டு" என்றாள். இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"இங்கனதான் தோப்புக்காரங்க குடுத்த குடிசையில இருந்தோம். எங்க அய்யா செத்த பதினாறாம் நாளு, வேலையாளே இல்லையே, வீடு எதுக்குன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்குப் பன்னண்டு வயசு. உன் சித்தி கைக்கொழந்த. அவுங்க வண்டியிலயே ஏத்தி, மெயின் ரோட்டு முக்குல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டாய்ங்க. அப்புறந்தான் ஆத்தா எங்களக் கூட்டிக்கிட்டுப் பரவைக்கு வந்துச்சு."

அவள் குரலில் வருத்தம் தெரியவில்லை. யாருடைய வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். நான் வண்டியை அணைத்துவிட்டு, "சித்திக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாம? நான்தான சொல்லி வளத்தேன்."

"எனக்கு ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

"நீ கேக்கலயே" என்றாள். வேலிக்குள் கையை விட்டு உதிர்ந்து கிடந்த ஒரு தென்னங்குரும்பையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "வண்டிய எடு, காதுகுத்து முடிஞ்சிரப் போகுது."

வேப்பமரத்தடியில் நான்கு பெண்கள் மாரிக்காக ஆற்றாமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானங்களில், நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, இவர்களுக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.